தோகாவில் ஒரு கிராஸிங்

காலுக்கு ஒண்ணும் இல்லங்க. நல்லாத்தான் இருக்கு. கதிரேசன் மலையில மாசம் தவறாம ஏறி இறங்குன காலு இது. இங்கிலீஷ் வராதுல்லா, அதான் இந்த நாற்காலி. பிள்ளைக டிக்கெட்டு போடும்போதே வீல்சேருன்னு ஒரு டிக்கு அடிச்சு விட்டுருதாங்க. வாய் இல்லாத குத்தத்துக்குக் காலை முடக்கிப்போட்ட கதைதான். உங்களுக்கும் அப்படித்தானா? நெனச்சேன். செருப்பைக் கழத்திப் போட்டுட்டு நாற்காலியில சம்மணம் போட்டு உக்காந்திருந்தீகளே, அப்பவே நெனச்சேன், இது நம்ம ஆளுதான்னு.

ஈரோடா? நான் வந்ததில்ல. எங்களுக்குக் கோயில்பட்டி. மதினின்னு கூப்பிடலாம்ல? எங்க பக்கம் ஒத்த வயசுன்னா அப்படித்தான் கூப்பிட்டுக்கிடுவோம். அக்கான்னு சொன்னாச் சில பேருக்குக் கோவம் வருது. உங்களுக்கு எத்தனை மணிக்குப் பிளேனு? ஆறரையா. எனக்கு அஞ்சே முக்காலுக்கு. இன்னும் நேரம் கிடக்கு.

நான் மெல்பன்ல இருந்து வாரேன். மகன் வீட்டுல இருந்து. சிகாகோ போறேன், மக வீட்டுக்கு. பிள்ளைக அப்பாவுக்கு அங்க கொஞ்சம் மேலுக்குச் சுகமில்ல. அதான். பெருசா ஒண்ணும் இருக்காது. இருமலு கிடந்துச்சு. குளிரு ஒத்துக்கிடல போல. நான் போய் மிளகு ரசம் ரெண்டு நாளைக்கு வச்சுக் குடுத்தாச் சரியாப் போகும்.

மெல்பன்ல இருந்து இந்தத் தோகாவுக்குப் பன்னெண்டாயிரம் கிலோமீட்டர். பதினாலரை மணி நேரம். இங்க இருந்து சிகாகோவுக்குப் பதினோராயிரத்து நானூறு, பதிமூணரை, பதினாலு ஆகும், எதிர்காத்து இருந்தா. என்ன பாக்கீக? படிக்காத பொம்பளை கிலோமீட்டர் சொல்லுதாளேன்னா? நான் எங்க படிச்சேன். எல்லாம் அவுக சொன்னதுதான். காதுல ஓதி ஓதி எனக்கு மனப்பாடம் ஆகிப்போச்சு.

அவுக டைம் கீப்பர் மதினி. அரசு பஸ்ஸுல முப்பத்து நாலு வருசம். எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல கோழிக்கூண்டு மாதிரி ஒரு ரூம் இருக்கும். அதுக்குள்ள உக்காந்து, வண்டி வந்த நேரம் போன நேரம் எழுதுற உத்தியோகம். ரெண்டு நிமிசம் லேட்டா எடுத்தா விசிலை ஊதியே டிரைவரைக் கொன்னுருவாக. வீட்டுலயும் அதே ரூல்ஸ்தான். ஏழு இருபதுக்கு இட்லின்னா ஏழு இருபதுக்குத் தட்டுல இட்லி கிடக்கணும். கல்யாணத்தன்னிக்குத் தாலியை ஒரு கையில வச்சுக்கிட்டு இன்னொரு கையில மணி பாத்த மனுசன். எங்க அம்மை அன்னிக்கே சொன்னா, "ஏட்டி, உனக்கு மாப்பிள்ளை பாக்கல, கடிகாரம் பாத்திருக்கோம்"ன்னு.

மதுரையில இருந்து வர்ற வண்டியும் நெல்லையில இருந்து வர்ற வண்டியும் எங்க ஊர் ஸ்டாண்டுலதான் பக்கத்துப் பக்கத்துல வந்து நிக்கும். கிராஸிங்ன்னு சொல்லுவாக. டிரைவர்க இறங்கி ஒரு டீயைக் குடிச்சு, பேப்பரை மாத்திக்கிட்டு, வீட்டு விசேசத்தைப் பேசிட்டு, அவன் அந்தப் பக்கம் இவன் இந்தப் பக்கம்னு போயிருவாங்க. அஞ்சு நிமிசம். அந்த அஞ்சு நிமிசத்தைத்தான் அவுக முப்பத்து நாலு வருசமா நோட்டுல எழுதுனாக.

பென்சன் வாங்குனப்புறம் பஸ்ஸு போயிப் பிளேனு வந்துச்சு. போன்ல பிளேன் ஓடுறதைப் பாக்க ஒண்ணு இருக்குதாமே, தெரியுமா? உலகப் படத்து மேல மஞ்சக் கலர்ல எறும்பு மாதிரி ஊரும். மொதத் தடவை நான் தனியா சிகாகோ போனப்ப, பதிமூணு மணி நேரமும் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாகளாம். மகன் சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். "அம்மா, நீங்க கருங்கடலைத் தாண்டும்போது அப்பா எந்திரிச்சு நின்னுட்டாங்க"ன்னான். அப்படி ஒரு கிறுக்கு.

மகளுக்கு ரெட்டைப் பிள்ளை. கோமதின்னு பேரு மகளுக்கு. ஆறு மாசம்னு போனேன். அது இழுத்து, விசாவை நீட்டச் சொல்லி எழுதிப்போட்டு, பதினோரு மாசம் ஆச்சு. அந்தப் பதினோரு மாசமும் அவுக மெல்பன்ல, மகன் கதிரேசன் வீட்டுல. பேரனைப் பள்ளிக்கூடத்துல விடணும் கூட்டியாரணும். மகனும் மருமகளும் வேலைக்குப் போறாங்கல்லா. சண்டை கிண்டை ஒண்ணும் இல்ல மதினி. பிள்ளைக பாசம். அவளுக்கு அம்மா வேணும், இவனுக்கு அப்பா வேணும். ஆளுக்கு ஒருத்தரா வச்சுக்கிட்டாங்க. எத்தனை வீட்டுல ரெண்டு பேரையும் முதியோர் இல்லத்துல விடுதாங்க. எங்களுக்குப் போட்டி. அந்த விதத்துல குடுத்து வச்சவுகதான்.

பெறகு மருமக ரெண்டாவது உண்டானா. அவளுக்கு அம்மா இல்ல. பேறுகாலத்துக்கு நான்தான் போகணும். "அப்ப என் பிள்ளைகளை யாரு பாப்பா?"ன்னு கோமதி கேட்டா. நியாயந்தானே. உடனே ரெண்டு பேரும் போன்ல பேசிக் கணக்கை முடிச்சுட்டாங்க. அம்மா அங்க, அப்பா இங்க. டூட்டி மாத்துற மாதிரி. சேந்து போய் சேந்து இருக்கலாம்ல, ஏன் மாத்தணும்னு ஒருத்தரும் கேக்கல. நாங்களும் கேக்கல. கேட்டா என்ன நெனப்பாங்க? அறுபத்து மூணு வயசுல புருசனைக் கேக்குதா பாருன்னு நெனைக்க மாட்டாங்களா?

அப்பத்தான் அவுக போன் போட்டாக. மருமகன் பக்கத்துல இருந்தாரு, அதனால நான் சும்மா ஊங் கொட்டுதேன். "ஏளா, கேட்டியா? சிகாகோவுக்கும் மெல்பனுக்கும் நேர்கோடு போட்டாப் பதினஞ்சாயிரத்து ஐநூறு கிலோமீட்டருதான். தோகா வழியாச் சுத்துனா இருபத்து மூணாயிரத்து நானூறு. எட்டாயிரம் கூடுதல். ஆனா தோகா நட்ட நடுவுல இருக்கு. நம்ம ஊரு மாதிரி. நீயும் அந்த வழியா வா, நானும் அந்த வழியாப் போறேன். ஒரே நாள். நாலு மணிக்கு உன் வண்டி, நாலு அம்பதுக்கு என் வண்டி. எனக்கு எட்டேகாலுக்குப் புறப்பாடு, உனக்கு எட்டரைக்கு. ஏறுறது இறங்குறது போக ரெண்டரை மணி நேரம் கிடைக்கும்"ன்னாக.

"என்னத்துக்கு?"ன்னு கேட்டேன்.

"கிராஸிங்"ன்னாக. பெறகு "உன் மூஞ்சியப் பாத்துப் பதினோரு மாசம் ஆச்சு செண்பகம்"ன்னாக.

நாப்பத்திரண்டு வருசத்துல அப்படி ஒரு பேச்சு அவுக வாயில இருந்து வந்ததே இல்ல மதினி. எனக்கு வெக்கமாப் போச்சு. மருமகன் பாக்குதாரேன்னு, "சரி சரி, வெந்தயம் ஒரு ஸ்பூன் போதும்"ன்னு சொல்லிப் போனை வச்சேன்.

பிள்ளைககிட்ட சொல்லல. ரெண்டு பேருமே கத்துனாங்க, லாஸ் ஏஞ்சலஸ் வழியாப் போனாச் சீக்கிரம், டிக்கெட்டும் கம்மின்னு. "அந்தப் பிளேன்ல சாப்பாடு நல்லாருக்கும்"ன்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். அவுக அங்க "வயித்துக்கு அதுதான் ஒத்துக்கிடும்"ன்னு நின்னாக. சாப்பாட்டுக்காகக் கிழடு ரெண்டும் அடம் பிடிக்குன்னு பிள்ளைக சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

அன்னிக்கு இங்க வந்து இறங்குனேன். இதே இடம். இந்தா, அந்தத் தூணுக்குப் பக்கத்துலதான் என்னைக் கொண்டாந்து வச்சாங்க. வச்சாங்கன்னுதான் சொல்லணும், மூட்டையை வக்கிற மாதிரி. பாஸ்போர்ட்டு என் கையில. பிளேன்ல ஏறுற சீட்டை மட்டும் வீல்சேர் தள்ளுறவங்க வாங்கி வச்சுக்கிட்டாங்க. எந்திரிக்காதேன்னு கையைக் காட்டிட்டுப் போனாங்க. சவம், இந்த வீல்சேரு... சே, வாயில என்ன வருது பாருங்க, கிளம்பிப் போற நேரத்துல.

எந்திரிக்காம இருக்க முடியுமா? கரடி கிட்ட போகணும்ல. பாத்தீகளா அந்தக் கரடியை? பெரிய மஞ்சக் கரடி, தலையில விளக்கைச் சொருகி வச்சிருக்கு. ஒரு வீடு ஒசரம் இருக்கும். மகன் போட்டோ காட்டியிருந்தான். "கரடி கிட்ட வந்துருங்க"ன்னு நான் சொல்லியிருந்தேன். "நீ எங்கயும் போகாத, உன்னை உக்கார வச்ச இடத்துலயே இரு, நான் வாரேன்"ன்னு அவுக சொன்னாக. ரெண்டுல எது முடிவாச்சுன்னு இப்ப ஞாபகம் வரல. கரடிதான். கரடின்னுதான் நெனைக்கேன்.

நடந்தேன். கேட்டுக் கேட்டு நடந்தேன். கையை ரெண்டையும் விரிச்சு, கரடி மாதிரிக் காட்டுனேன், வழி சொன்னாங்க. அஞ்சு மணிக்கு அங்க போயி உக்காந்துட்டேன். மடியில ஒரு பொட்டலம். நம்ம ஊர்க் கடலைமிட்டாய் சிகாகோவுல விக்கிது மதினி! அவுகளுக்குப் பல்லு போனாலும் அது போகாது. ஒரு பாக்கெட்டு வாங்கி வச்சிருந்தேன்.

அஞ்சரை ஆச்சு. ஆறு ஆச்சு. மனுசனைக் காணோம். போனு இங்க வேலை செய்யல. ஆறேகால் ஆச்சு. ரெண்டு நிமிசத்துக்கு விசில் ஊதுன ஆளு! எனக்குக் கோவம்னா கோவம். அப்புறம் பயம் வந்துச்சு. பக்கத்துல விசாரிக்கிற இடம் இருந்துச்சு. ஒரு மலையாளத்துப் பிள்ளை, நல்ல பிள்ளை. "எங்க வீட்டுக்காரகளைக் காணோம் தாயி, மெல்பன்ல இருந்து வாராக, தேடிக் குடு"ன்னேன். அவளுக்குப் பாதி புரிஞ்சுது. "பேரு பறையம்மே"ங்கா.

பேரை எப்படி மதினி சொல்ல?

நீங்க சொல்லுவீகளா? இந்தக் காலத்துப் பிள்ளைக வாடா போடாங்குதுக, அதை விடுங்க. எங்க அம்மை சொல்லி வளத்தா, பொம்பளை வாயால புருசன் பேரைச் சொன்னா ஒரு தடவைக்கு ஒரு நாள் அவன் ஆயுசு குறையும்னு. நான் சொன்னதே இல்ல. ஒரு தடவை கூட. ரேசன் கடையில, ஓட்டுப் போடுற இடத்துல, ஆஸ்பத்திரியில, யாரு கேட்டாலும் "எங்க ஊர்ச் சாமி பேரு"ம்பேன். எங்க ஊர்ல எல்லாருக்கும் விளங்கிரும். கோயில்ல அம்பாள் பேரு எனக்கு, சாமி பேரு அவுகளுக்கு. அதைப் பாத்துத்தான் கல்யாணமே முடிச்சாங்க. தோகாவுல போயி எங்க ஊர்ச் சாமி பேருன்னா யாருக்கு விளங்கும்?

அதனால பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டுனேன். அதுல என் பேருக்கு முன்னால அவுக பேரு இருக்குல்லா, அதுல விரலை வச்சுக் காட்டுனேன். அந்தப் பிள்ளை அதைப் பாத்து கம்ப்யூட்டர்ல தட்டுச்சு, போன்ல யாருட்டயோ பேசுச்சு. திரும்பி என்னைப் பாத்துச் சிரிக்குது. "அம்மே, அது நிங்கள் தன்னே"ங்குது. நீங்கதான் அதுங்குது. மெல்பன் போற வீல்சேரு, அந்தப் பேரு, இந்தா என் முன்னாலதான் நிக்கிதுங்குது. அவுக எங்கன்னு கேட்டா, நான்தான் அவுகங்குது! நான் திருப்பித் திருப்பி விரலை வைக்கேன். அது திருப்பித் திருப்பி என்னையே காட்டுது. அந்தப் பேருல வேற ஆளே இல்லையாம்.

ஏழேகாலுக்கு வீல்சேர்க்காரன் என்னைக் கண்டுபிடிச்சு வந்துட்டான். எவ்வளவு நேரமாத் தேடுனானோ, முகமெல்லாம் வேர்வை. என்னைத் தூக்கி உக்கார வைக்காத குறையா உக்கார வச்சு, வேற வழியாத் தள்ளிட்டுப் போயி பிளேன்ல ஏத்திட்டான்.

அவுக எங்க இருந்தாகன்னு கேளுங்க. இங்க! இந்த ரூம்ல! நான் எந்திரிச்சுப் போன ஒரு மணி நேரத்துல அவுகளைக் கொண்டாந்து, என் நாற்காலி கிடந்த இடத்துல இருந்து அஞ்சாவது நாற்காலியில வச்சிருக்காங்க. அவுக அசையல. சொன்ன இடத்துல இருந்து அசைஞ்சா டைம் கீப்பர் இல்லையே. வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் "செண்பகவல்லி, செண்பகவல்லி"ன்னு என் பேரைச் சொல்லிக் கேட்டிருக்காக. அவுகளுக்குத்தான் சொல்லலாமே, பொண்டாட்டி பேரைச் சொன்னா யாரு ஆயுசும் குறையாது. ஆனா அவனுக லிஸ்டுல செண்பகவல்லின்னு ஒருத்தியும் இல்ல. அவுக பேருல நான் இருக்கேன். அவுக எங்க மாமனாரு பேருல சுப்பையான்னு இருக்காக. அப்படியே எட்டேகால் ஆயிப்போச்சு.

மெல்பன்ல இறங்குனப்புறம்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். கரடி கிட்ட வாங்கன்னா வர வேண்டியதுதானே? கால் இல்லையா? ஒரு பொம்பளை நான் இங்கிலீஷ் தெரியாம நடந்து போகலையா? உக்கார வச்ச இடத்துல உக்காந்துக்கிட்டே இருந்தா எவ வருவா? மிட்டாய் பூராவும் பிளேன்ல நானே கடிச்சுத் தின்னுட்டேன் கோவத்துல. இந்தப் பல்லு ஆடுது பாருங்க, அன்னிக்கு ஆட ஆரம்பிச்சது.

பேசல மதினி. மூணரை மாசமா அவுககூடப் பேசல. பேரன் பிறந்தான், அன்னிக்குக் கூடப் பேசல. தெனம் போன் வரும், அவுக நேரம் சாயங்காலம் மூணு மணி, எங்களுக்கு மறுநாள் காலையில எட்டு மணி. நான் பிள்ளையைக் குளிப்பாட்டப் போயிருவேன். மருமக போனைச் சத்தமா வைப்பா, எனக்குக் கேக்கட்டும்னு. "உங்க அத்தைட்டக் கேளும்மா, நாளைக்கு எப்படி இருக்குன்னு"ம்பாக. நாங்க ஒரு நாள் முன்னால இருக்கோம்ல, அந்த நக்கல். "நான் நேத்துல உக்காந்திருக்கேன், அவ நாளைக்குப் போயிட்டா"ம்பாக. எனக்குச் சிரிப்பு வரும். முகத்தைத் திருப்பிக்கிடுவேன். "அடுத்த கிராஸிங் பங்குனியில. இந்தத் தடவை கரடி கிட்டயே வாரேன்னு சொல்லு. கரடி மடியிலயே உக்காந்திருக்கேன்னு சொல்லு"ம்பாக. பங்குனி வரட்டும், அப்பப் பேசிக்கிடுவோம்னு நானும் இருந்தேன். பங்குனிக்கு என்ன, இன்னும் ரெண்டு மாசந்தானே.

முந்தாநாள் எட்டு மணிக்குப் போன் வரல. எட்டேகாலுக்கும் வரல. பிள்ளையைத் துண்டுல சுத்தி வச்சுக்கிட்டு நான் அந்தப் போனையே பாக்கேன். ஒன்பது மணிக்குக் கதிரேசன் ஆபீஸ்ல இருந்து திரும்பி வந்துட்டான். கார்ல வந்தவன் இறங்காமலே உக்காந்திருந்தான், சன்னல் வழியாப் பாத்தேன். பெறகுதான் உள்ள வந்தான். "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கும்மா"ன்னான்.

கோமதிகிட்டப் போனைப் போடச் சொன்னேன். "அவுககிட்டக் குடுட்டி, நான் பேசுதேன்"னேன். "தூங்குறாங்கம்மா"ன்னா. அங்க அப்ப நாலு மணி, சாயங்காலம். அவுக சாயங்காலம் நாலு மணிக்குத் தூங்குன சரித்திரமே கிடையாது. சரி, மருந்து மயக்கமா இருக்கும். "நீ கிளம்பி வாம்மா. நீ வர்ற வரைக்கும் எதுவும் செய்ய மாட்டோம். நீ வந்தாத்தான் எல்லாம்"ன்னா. ஆப்பரேசனைச் சொல்லுதா போல.

கதிரேசனுக்கு அமெரிக்கா விசா இல்ல. எனக்குப் பத்து வருச விசா இருக்கு. அதான் நான் மட்டும். என் போனை வாங்கி என்னத்தையோ தட்டுனான். வாட்ஸாப்பைக் காணோம். கேட்டா அப்டேட்டு ஓடுதுங்கான். ரெண்டு நாளா ஓடுது. எங்க தங்கச்சி தெனம் காலையில பூப்படம் போட்டு ஒண்ணு அனுப்புவா, அதுவும் இல்ல. போனும் பண்ணல. ஊர்ல ஒருத்தரும் பண்ணல.

மருமக பாவம். ரெண்டு மாசப் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு ஒன்பது கிலோமீட்டர் போயி இந்தியாக் கடையில மல்லிகைப்பூ வாங்கியாந்தா. அங்க அதுக்கு என்ன விலைன்னு நெனைக்கீக. தலை நிறைய வச்சு விட்டா. கண்ணாடி வளையலு புதுசா ரெண்டு டசன், பாருங்க, பச்சை. நெத்தியில குங்குமத்தை அவ கையால வச்சு விட்டா. "ஏம்மா, ஆஸ்பத்திரிக்குப் போறவளுக்கு எதுக்கு இம்புட்டு அலங்காரம்?"ன்னேன். "இருக்கட்டும் அத்தை, மாமாவுக்குப் பிடிக்கும்"ன்னா. நல்ல பிள்ளை. பூ இங்க வரைக்கும் வாடவே இல்ல பாருங்க. ஏர்போர்ட்டுல கதிரேசன் என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதான். நாப்பது வயசு ஆம்பளைப் பிள்ளை. "ஏல, நான் என்ன திரும்பி வராமலா போயிருவேன்"னு சிரிச்சேன் நான்.

ஏன் மதினி கையைப் பிடிக்கீக? விடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. பசிக்கல. நீங்க சாப்பிடுங்க.

சீரியஸுன்னா எனக்குத் தெரியாதா என்ன? என்னைப் பெத்த ஐயா செத்தப்ப எனக்கு அப்படித்தான் தந்தி வந்துச்சு, சீரியஸ், உடனே கிளம்புன்னு. பஸ்ஸு விட்டு இறங்கித் தெருமுனையில பந்தலைப் பாத்ததுந்தான் தெரியும். எங்க மாமனாரு போனப்ப பம்பாயில இருந்த நாத்தனாருக்கு நானே போன்ல சொன்னேன், சீரியஸ்தான், பதறாம வா, சாப்பிட்டுட்டு வான்னு. ரெயில்ல தனியா வர்றவகிட்ட வேற எப்படிச் சொல்ல? நான் சொன்னதுதான் அது. ஆனா அது அந்தக் காலம். அமெரிக்காவுல அப்படியா? அங்க சீரியஸுன்னா சீரியஸ்தான். எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருக்கு.

அழுகை வரல மதினி. என்னமோ தெரியல. இடுப்புக்குக் கீழ மரத்துப் போன மாதிரி, மேலயும் மரத்துக் கிடக்கு. பதினாலரை மணி நேரம் உக்காந்தே வந்ததுல இருக்கும். பிளேன்ல முன்னால அந்தச் சின்ன டிவியில உலகப் படத்தைப் போட்டாங்க. மஞ்சப் பிளேனு ஊருது. அதையே பாத்துக்கிட்டு வந்தேன். திடீர்னு ஒரு நெனப்பு. நான் போற பிளேனை எப்பவும் அவுக பாப்பாகல்லா. இன்னிக்கு யாரு பாக்குதாக? யாருமே பாக்காம ஒரு பிளேனு போயிட்டிருக்கு, அதுக்குள்ள நான் இருக்கேன். அம்புட்டுத்தான். அதுக்கு மேல நெனைக்கல.

பேசியிருக்கலாம். ஒரு வார்த்தை, "நாளைக்கு நல்லா இருக்குங்க"ன்னு சொல்லியிருக்கலாம். என்ன குறைஞ்சிருக்கும்?

இப்ப வந்ததும் அந்தத் தூணுகிட்டத்தான் வச்சாங்க. நான்தான் கையைக் காட்டி இங்க தள்ளச் சொன்னேன். எண்ணிப் பாருங்க, தூணுல இருந்து அஞ்சாவது நாற்காலி. கரடி கிட்ட போகல. எந்திரிக்கவே இல்ல. உக்கார வச்ச இடத்துலயே இருக்கேன். நாலேமுக்கால் ஆகப் போகுது.

அந்தா வாரான் பாருங்க நரைச்ச ஆளு, கையில பலகை மாதிரி வச்சுக்கிட்டு. சிகாகோக்காரங்களைக் கூப்பிடுதான். நம்ம பேரு அவன் வாயில படுற பாட்டைக் கேளுங்க. பூவானா... பூனா... நாத்தானாம்!

அண்ணாச்சி, இங்க! இந்தா இருக்கேன். பூனா இல்ல அண்ணாச்சி. பூவனநாதன். பூ-வ-ன-நாதன். நல்லாச் சொல்லுங்க. பூவனநாதன்.

என்ன மதினி, வாயில கை வச்சுட்டீக? பேரைச் சொல்லிட்டேனேன்னா?

சொல்லலாம். இனிமே சொல்லலாம்.

இந்தப் பையைக் கொஞ்சம் மடியில எடுத்து வைங்க. போயிட்டு வாரேன் மதினி. நீங்க மகராசியாப் போயிட்டு வாங்க. தள்ளுங்க அண்ணாச்சி. மெள்ளத் தள்ளுங்க, அவசரம் ஒண்ணும் இல்ல.